மூலைத் துண்டு

மார்ச் 4, செவ்வாய்

பல்செட் இரண்டு முடித்தேன். கடைவாய்ப் பல்லுக்கு மாட்டும் கேப் ஒன்றை நிறம் சரியில்லை என்று பல் டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். நிறம் சரிதான். அவர் அறை விளக்குதான் மஞ்சள். சொல்லவில்லை.

மனைவிக்குக் கையில் மாவுக்கட்டுப் போட்டு இன்று ஒன்பதாம் நாள். குளியலறையில் வழுக்கி, வலது மணிக்கட்டு. ஆறு வாரம் என்றார்கள். சமையல் என் தலையில் விழுந்திருக்கிறது. முப்பது வருடமாக ஊராருக்குப் பல் செய்கிறேன். அந்தப் பல்லால் மெல்லும்படி ஒன்றும் செய்யத் தெரியாது என்பது இந்த ஒன்பது நாளில் உறுதியாகிவிட்டது.

மார்ச் 5, புதன்

மகள் போன் செய்தாள். எடுத்தது நான். "அம்மாகிட்ட குடுங்க." அவ்வளவுதான். பதினான்கு மாதமாக எனக்குக் கிடைப்பது இதுதான்.

15ஆம் தேதி அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வருகிறாளாம். காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவாளாம். அம்மா செய்யும் டாஃபி பார் கேக் கேட்டிருக்கிறாள். இவளும் கட்டுப்போட்ட கையை வைத்துக்கொண்டு "அதுக்கென்ன, செஞ்சுட்டா போச்சு" என்றிருக்கிறாள்.

"யாரு செய்யப் போறா?" என்றேன்.

என்னையே பார்த்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

மார்ச் 7, வெள்ளி

இவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது: வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் குழைக்க வேண்டும். முட்டை, வெனிலா, மைதா. உடைத்த டாஃபியைக் கலந்து தட்டில் பரப்பி ஓவனில் வைக்க வேண்டும். ஆறிய பிறகு மேலே வெண்ணெய் ஐசிங் தடவி, இன்னும் கொஞ்சம் டாஃபி தூவி, துண்டு போட வேண்டும்.

"ரொம்ப சுலபங்க. கண்ண மூடிக்கிட்டு செய்யலாம்."

எவ்வளவு மைதா என்றேன். "பார்த்தா தெரியும்." கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன்.

மார்ச் 8, சனி

முதல் முயற்சி. டாஃபியையும் நானே காய்ச்சினேன். சர்க்கரையும் வெண்ணெயும் கொதித்து, என் பல் நிற அட்டையில் இல்லாத ஒரு பழுப்புக்கு வந்ததும் இறக்கினேன். அது நன்றாகவே வந்தது. கண்ணாடி மாதிரி உடைந்தது.

மாவுதான் காலை வாரிவிட்டது. அச்சுக்குப் பிளாஸ்டர் கலக்குவது போலக் கட்டியே இல்லாமல் பத்து நிமிடம் அடித்தேன். தட்டில் ஊற்றி, குமிழி போக மேசையில் முப்பது தடவை தட்டினேன். கரண்டியால் அழுத்தி மட்டம் பார்த்தேன். அவ்வளவு மட்டமான பரப்பை இந்த வீட்டில் யாரும் பார்த்திருக்க முடியாது.

வெந்து வந்ததை இவள் கைக்கட்டால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். கட்டுக்கும் அதற்கும் ஒரே சத்தம்.

"இத கடிக்கணுமா, இல்ல சுவத்துல பதிக்கணுமா?"

மார்ச் 9, ஞாயிறு

இரண்டாம் முயற்சி. குறைவாகத்தான் கலந்தேன். இருபது நிமிடத்தில் எடுக்கச் சொன்னாள். தொட்டால் மெத்தென்று இருந்தது. வேகாததை எப்படி எடுப்பது? பல் சுடும் என் உலையில் எதுவும் மெத்தென்று வெளியே வராது. இறுகினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். இன்னும் பன்னிரண்டு நிமிடம் வைத்தேன்.

"சாஃப்டா இருக்கும்போதே எடுக்கணும்னு சொன்னேன்ல? வெளிய வந்து அதுவா செட் ஆகும். நீங்க எல்லாத்தையும் உள்ளயே வச்சுக் கல்லாக்கிட்டுத்தான் விடுவீங்க."

ஓவனைப் பற்றித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

ஐசிங்கைச் சூட்டிலேயே தடவினேன். உருகி ஓடிவிட்டது.

மார்ச் 10, திங்கள்

யோசித்தேன். மகள் பல் மருத்துவம் இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு, வெளியூரில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தாள். "மண்ணு அள்றதுக்கா இவ்வளவு படிக்க வச்சேன்? அங்கேயே இரு. இங்க வராத" என்றேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை இல்லை அவள். அதை மட்டும் கேட்டாள்.

எனக்கு என்ன ஆசை? இருபது வருடமாக டாக்டரின் கிளினிக்குக்குப் பின்வாசல் வழியாகப் பல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். முன்வாசலில் என் மகள் பெயர்ப் பலகை இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது அவள் ஆசையா என்று கேட்டேனா? கேட்கவில்லை. தப்புதான். இங்கே எழுத முடிகிறது. அவள் முன்னால் சொல்ல வாய் வருமா என்று தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

மூன்றாம் முயற்சி. மெத்தென்று இருக்கும்போதே எடுத்தேன். அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறுகியது. இவள் இரண்டு துண்டு தின்றாள். மூன்றாவது எடுத்தாள்.

மார்ச் 14, வெள்ளி

நாளைக்கானது தயார். இவளுக்கு டாஃபி கல் உப்பு அளவுக்கு நொறுங்கியிருக்க வேண்டும். பூரிக்கட்டையால் நொறுக்கினேன். மகளுக்கு எப்போதும் மூலைத் துண்டுதான் வேண்டும். அதனால் மூலையில் மட்டும், நொறுக்காத டாஃபியாகப் பார்த்து, இருப்பதிலேயே பெரியதை ஐசிங்கில் பதித்தேன். இவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

பதினொரு மணிக்கு வந்தாள். கறுத்திருக்கிறாள். நகக்கண்ணில் மண். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் "நல்லா இருக்கீங்களா" என்றாள். முன்பெல்லாம் "நீ, வா, போ"தான். மரியாதை கொடுத்தே ஆளைக் கொல்ல முடியும் என்று தெரிந்துகொண்டேன்.

சாப்பாடு முடிந்தது. தட்டை எடுத்து வந்தேன். "யாரு செஞ்சது?" என்றாள். இவள் கண்ணால் என்னைக் காட்டினாள். மகள் மூலைத் துண்டை எடுத்து முன்பல்லால் ஒரே கடி கடித்தாள்.

டக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அவள் பதினாறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் பாதி போனபோது, அதற்குக் கேப் செய்தவனே நான்தான். அந்தக் கேப் இரண்டாக உடைந்து தட்டில் கிடந்தது.

மகள் நாக்கால் இடைவெளியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பல் இல்லாமல் வாய் நிறையச் சிரித்தாள். "அப்பா! நீயே செஞ்சு, நீயே ஒடச்சுட்டியே!"

"நீ" என்றாள். உடைந்த துண்டுகளைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

மாலை பஸ் அவள் இல்லாமல் போனது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு பண்ணைக்குப் போன் செய்து லீவு சொன்னாள். போனில் பல் தெரியாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

டாக்டரிடம் கூட்டிப் போனேன். பழக்கத்தில் பின்வாசலுக்குத் திரும்பினேன். "எங்க போற? நான் பேஷன்ட்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். இருபது வருடத்தில் முதல் தடவையாக முன்வாசல் வழியாக உள்ளே போனேன். நாற்காலிகள் மெத்தை வைத்தவை. மீன்தொட்டி இருக்கிறது.

எப்படி உடைந்தது என்று டாக்டர் கேட்டார். "அப்பா செஞ்ச டாஃபி" என்றாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு வேலை நான் அனுப்புறது பத்தலையா?"

அளவு எடுத்து, தற்காலிகமாக ஒன்று வைத்துவிட்டார். புது கேப்புக்கு எத்தனை நாள் ஆகும் என்று மகள் கேட்டாள். "ஒரு வாரம்" என்றேன். டாக்டர் வாயைத் திறந்தார். பிறகு கையுறையைக் கழற்றப் போய்விட்டார். இரண்டு நாள் வேலை அது.

மார்ச் 18, செவ்வாய்

நாள் முழுக்க என் பட்டறை அறையிலேயே இருந்தாள். மூலையில் குவிந்து கிடந்த பழைய பிளாஸ்டர் அச்சுகளைப் பார்த்து "இதெல்லாம் என்ன பண்ணுவ?" என்றாள். குப்பை என்றேன்.

"தூள் பண்ணிக் குடுப்பா. களிமண்ணுல போட்டா மண்ணு இளகும்."

முப்பது வருடக் குப்பை. சாக்கில் கட்டி இருவரும் பூரிக்கட்டையால் நொறுக்கினோம். அப்போதுதான், அவள் முகத்தைப் பார்க்காமல், கேட்டேன்: "அங்க என்னென்ன செடி வளக்கிறீங்க?"

முக்கால் மணி நேரம் சொன்னாள். பாதி புரியவில்லை. நடுவில் நிறுத்தி, "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றேன். "ஆமா, கூடாது" என்றாள். பிறகு ஒட்டுக்கட்டுவதைப் பற்றி மீதியைச் சொன்னாள்.

மார்ச் 19, புதன்

கேப் முடிந்துவிட்டது. நான் செய்ததிலேயே நல்லது. பக்கத்துப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் எது என்னுடையது என்று எனக்கே தெரியாது. சிறு டப்பாவில் போட்டு, பட்டறை மேசையின் மூன்றாவது இழுப்பறையில், நூல்கண்டுக்குப் பின்னால் வைத்தேன்.

டாக்டர் போன் செய்தார். ஆயிற்றா என்றார். இன்னும் உலையில் இருக்கிறது என்றேன்.

மார்ச் 20, வியாழன்

காலையில் என் சட்டைப் பொத்தான் தைக்க நூல் தேடி மகள் பட்டறைக்குப் போனாள். நூல் எடுத்து வந்தாள். தைத்துக் கொடுத்தாள்.

பிறகு நான் போய்ப் பார்த்தேன். டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அவள் பெயர் எழுதி டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டிய சீட்டை நான் சுவரைப் பார்க்க வைத்திருந்தேன். இப்போது என்னைப் பார்த்து இருக்கிறது.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டாள்.

"இன்னும் எத்தன நாளாகும்பா?"

இவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு நாள் ஆகும்."

"சரி. அவசரமே இல்ல, நிதானமா செய்."

சாயங்காலம் மறுபடியும் டாஃபி காய்ச்சப் போகிறோம். இந்தத் தடவை அவள் நொறுக்குகிறாளாம்.