உன் அண்ணனிடம் நீ கேட்ட கேள்விகள்

கூடுவாஞ்சேரி,
திங்கட்கிழமை

அன்புள்ள ரஞ்சிதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உடம்புக்கு யாருக்கும் குறைவில்லை, அந்தக் குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் பேசினால் உன் அண்ணன் காதில் விழும் என்றுதான் எழுதி, கூரியரில் அனுப்பச் சொல்லி அண்ணி ஹரிப்ரியாவிடம் கொடுக்கிறேன்.

போன வாரம் உன் அண்ணன் கலையரசனின் கம்பெனியில் கூட்டம் போட்டு, பாலியஸ்டர் நூலுக்குப் போகும் கிளைகால் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கும் முறையையே மாற்றப் போவதாகச் சொன்னார்களாம். எத்திலீன் ஆக்சைடில் பல மடங்கு தண்ணீரைக் கலந்து, பிறகு அந்தத் தண்ணீரையெல்லாம் ஆவியாக்கி விரட்டும் பிரிவில்தான் அவன் பதினாறு வருஷமாக நிற்கிறான். ரசத்தில் தண்ணீர் கூடிப்போனால் நான் சுண்ட வைப்பேனே, அது மாதிரி. புது முறையில் கரியமில வாயுவைச் சேர்த்து வேறொரு பொருளாக்கிக்கொண்டு அளவாகத் தண்ணீர் விடுவதால், சுண்ட வைக்கும் வேலை பெரும்பாலும் இல்லையாம். அதைக் கண்டுபிடித்த உன் கம்பெனிக்காரர்கள் பெயரைத் திரையில் காட்டினார்களாம், மூன்றாவது உன் பெயர். எல்லோரும் திரும்பி இவனைப் பார்த்திருக்கிறார்கள்.

அன்றைக்கு அவன் வீட்டுக்கே வரவில்லை. கடப்பாக்கத்தில் சிநேகிதன் எழில் வீட்டில் இருப்பதாகத் தெரிந்து மறுநாள் பஸ் ஏறிப் போனேன். படகுகளுக்கு நடுவே மணலில் உட்கார்ந்திருந்தான். வேறு வேலை கிடைக்கும், வாடா என்றேன். அதற்கு அவன், "வேல போனா போவுது. வாரா வாரம் போன் போட்டு எந்த எடத்துல அடைக்குது, எங்க சூடு வீணாவுதுன்னு கேட்டுகினே இருந்தா. தங்கச்சி ஆசையா கேக்குதேன்னு ஒண்ணு வுடாம சொன்னேன். எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லலியேம்மா" என்றான். நானும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு கூட்டிக்கொண்டு வந்தேன். புது யூனிட்டில் பயிற்சிக்குச் சேரும் தாளை மாசக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறான், ஹரிப்ரியா கேட்டால் எரிந்து விழுகிறான், எனக்கும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

நீயாக மறைத்தாயா, வெளியே சொல்லக் கூடாதென்று உன் கம்பெனி வாயைக் கட்டியதா, தெரியாது. என்னிடம் சொல்லவும் வேண்டாம், நடுவில் நின்று சமாதானம் சொல்ல என்னால் ஆகாது. நேற்று ஞாயிறு, நீ கூப்பிடும் நேரத்துக்கு முன்னாலேயே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மணி அடித்தது, உன் பெயரைப் பார்த்தான், நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான், எடுக்கவில்லை. நீ அவன் எடுக்கும்வரை கூப்பிடு.

எண்ணெய் தேய்த்துக் குளி. உனக்கு ஒரு குறையும் வராது, தாயி.

உன் அம்மா,
விஜயகுமாரி