எண்ணெய் படக்கூடாத வால்வு

அடப்பாவி,

வீடு முழுக்க மெஷின் எண்ணெய் வாடை. மேசைமேல் பழைய பேப்பரை விரித்து அந்தப் பித்தளை வால்வை வைத்திருக்கிறேன். நம் ஆக்சிஜன் லைனில் இருந்த அதே வால்வுதான். ஒரு பக்கம் இன்னும் கருகித்தான் இருக்கிறது. மற்றபடி கடையில் புதிதாக வாங்கியது மாதிரி பளபளக்கிறது. பேப்பரில் எண்ணெய் வட்டமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "பால் காயுற வீட்டுக்குள்ள இதை எதுக்குக் கொண்டாந்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

யார் கொடுத்தார்கள் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உன்னைத் திட்ட வேண்டும். நீ உயிரோடு இருந்தபோதே திட்டியிருக்கலாம்தான். ஆனால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். இன்றைக்கு உன் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. இனி நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ராஜபாளையத்தில் உன் அண்ணனின் லேத் பட்டறை மில்லுகளுக்கு உதிரி சாமான் கடைந்து கொடுக்கிற இடம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதன் பின்பக்கம் நம்முடையது. நீ, நான், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த தாமஸ். மூன்று பேருக்கு ஒரு ராக்கெட் சங்கம், அதற்கு ஒரு போர்டு வேறு. சிவகாசி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இவனுக எதுக்கு மெனக்கெடுதானுக என்று ஊரே சிரித்தது. இது மருந்து அடைத்த ராக்கெட் இல்லை, மண்ணெண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்து எரிகிற எஞ்சின் என்று நீ விளக்குவாய். "அப்ப அடுப்புன்னு சொல்லுங்க" என்பார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த எஞ்சின் எந்தக் காலத்திலும் பறந்ததில்லை. அய்யனார் கோவில் போகிற வழியில், மாந்தோப்புக்குப் பின்னால் இருந்த பழைய கல்லுக்குழியில் அதை இரும்புச் சட்டத்தில் கட்டிப்போட்டு எரித்துப் பார்ப்போம், அவ்வளவுதான். முதலில் புகை, பிறகு துப்பல், அப்புறம் ஒரு நாள் நிஜமாகவே அது உறுமியது. தோப்பில் இருந்த மயிலெல்லாம் கத்திக்கொண்டு பறந்தது. தாமஸ் சிலுவை போட்டுக்கொண்டான். நீ என்னைக் கட்டிப்பிடித்து, "ஏலே, கேட்டியா? கேட்டியா?" என்று கத்தினாய். எனக்கு அப்போது காதே கேட்கவில்லை.

எஞ்சினை நீ கடைந்தாய், கணக்கு தாமஸ் போட்டான், கழுவுகிற வேலை என்னுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிற வீட்டில் பிறந்தவன் நான். அண்டாவில் முந்தின நாள் பால் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் இன்றைய பால் திரிந்துவிடும் என்று தெரிந்து வளர்ந்தவன். அதனால்தான் நீ என்னைப் பிடித்தாய். ஆக்சிஜன் போகிற பாதையில் ஒரு பொட்டு எண்ணெய் இருந்தால்கூட தீக்குச்சி இல்லாமலே பற்றும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். சலவைச் சோடா போட்ட வென்னீரில் வால்வைக் கழட்டிக் கழுவி, வெயிலில் காயவைத்து, பாலிதீன் பையில் கட்டி வைப்பேன். கட்டின பையை டெஸ்ட் அன்றைக்குத்தான் பிரிக்க வேண்டும். அதுவும் நான்தான் பிரிக்க வேண்டும். நீ போட்ட சட்டம் அது. ஞாபகம் இருக்கிறதா?

உன் அண்ணன் அதுவரைக்கும் நம்மை மதித்ததே இல்லை. "இரும்பைத் தின்னுதானுக" என்று பட்டறை ஆட்களிடம் சொல்வார். நீ அவரை உங்கள் வீட்டுத் தெலுங்கில் அன்னய்யா என்று கூப்பிட்டு, பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி சுற்றுவாய். அப்பா இல்லாத வீட்டில் உன்னை ஆளாக்கியவர் அவர்தான், எனக்குத் தெரியாததில்லை. எஞ்சின் உறுமிய கதையைத் தாமஸ் போய்ச் சொன்னபோதும் அவர் லேத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லையாம். ஆனால் அந்த வருஷம் ஆயுத பூசைக்கு, லேத்தையும் டிரில்லையும் எண்ணெய் போட்டுத் துடைத்த கையோடு, அலமாரியில் இருந்த நம் பையையும் பிரித்திருக்கிறார். உள்ளே இருந்த ஒவ்வொன்றையும் கழட்டி, எண்ணெய் விட்டு, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். தம்பியுடைய சாமானும் தொழில் சாமான்தான் என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றிய நாள் அது. அவர் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் கிடையாது. எண்ணெய் போடுவதைத் தவிர இரும்புக்குச் செய்கிற மரியாதை வேறென்ன இருக்கிறது என்று வாழ்ந்த மனிதர்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று அன்றைக்கே டெஸ்ட் வைத்தாய். காலையில் கல்லுக்குழிக்கு நான் வந்தபோது உன் அண்ணன் வெள்ளை வேட்டியில், பொரிகடலைப் பொட்டலத்தோடு, நாம் மறைவுக்கு அடுக்கியிருந்த மண் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எனக்கே சந்தோஷமாக இருந்தது. பையைப் பார்த்தேன். முடிச்சு என்னுடைய முடிச்சு இல்லை. வால்வில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"யாருலே பிரிச்சது?"

"அண்ணன் பொட்டு வெச்சுருக்காரு. வெளியிலதான்லே. உள்ள ஒண்ணும் படல."

"செத்த நேரம் பொறு. வென்னி வெச்சுக் கழுவிட்டு வாரேன்."

"அவரு வந்து நிக்காரு. அவரு முன்னாடி கழுவுனா என்ன நெனைப்பாரு? சும்மா மாட்டுலே."

உன் வார்த்தையை நம்பி மாட்டினேன். ஆக்சிஜன் சிலிண்டரை எப்போதும் திறக்கிறவன் நான். அன்றைக்கு நான் கை வைத்ததும் என் தோளைப் பிடித்துத் தள்ளி, "மூட்டைக்குப் பின்னாடி போ. இன்னைக்கு நான் திறக்கேன்" என்றாய். அண்ணன் பார்க்கிறார் என்று பகட்டுக் காட்டுகிறாய் என நினைத்தேன். நீ திருகினாய். எஞ்சினைக் கொளுத்தவே இல்லை, அதற்குள் வால்வில் வெள்ளையாக ஒரு வெளிச்சம். ஹோஸ் பிய்த்துக்கொண்டு அடித்தது. உன் அண்ணன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மதுரை ஆஸ்பத்திரியில், ஒரு கண் போய், முகமெல்லாம் கட்டோடு கிடந்துகொண்டு என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாய். விடியற்காலையில் பட்டறைக்குப் போனபோதே வால்வில் எண்ணெய் வழிந்ததாம். நீ மண்ணெண்ணெய் தொட்டு மேலாகத் துடைத்துவிட்டுத் திரும்பக் கட்டினாயாம்.

"அன்னய்யாவுக்குத் தெரியக் கூடாதுலே. தெரிஞ்சா அந்த மனுசன் உசிரோட இருக்கமாட்டாரு. சத்தியம் பண்ணு."

"அப்ப நான்?"

"உன்னைய யாருலே என்ன கேக்கப்போறா?"

நாசமாய்ப் போனவனே, எல்லோரும் கேட்டார்கள்! கழுவுகிற வேலை யாருடையது என்று ஊருக்கே தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அண்ணன் என் சட்டையைப் பிடித்து, "ஒரு சாமானை ஒழுங்காக் கழுவத் துப்பில்லையா உனக்கு?" என்று கேட்டார். தாமஸ் அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் பலகாரத்தோடு வருகிறவன், என் தெருப்பக்கமே வராமல் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். தளவாய்புரத்தில் பேசி முடித்திருந்த சம்பந்தம் கை நழுவியது. எங்கள் கடையில் பால்கோவா வாங்க வந்த ஒருவர், என் அப்பாவின் முகத்துக்கு நேரே, "அண்டாவாவது நல்லாக் கழுவுதானா உம்ம மகன்?" என்று கேட்டுச் சிரித்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இதெல்லாம் உனக்குத் தெரியும். பட்டறையில் கருப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாய். டீ!

"மனுசன் மனசு நோகக்கூடாதுலே. இரும்பு நொந்தா வேற இரும்பு வாங்கிக்கலாம்" என்று அடிக்கடி சொல்வாய். நான் என்ன இரும்பா? பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்த ஒரு கேள்வியைத்தான் உன்னிடம் கேட்க நினைத்தேன். கேட்கப் போகும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்ப்பேன். என் தோளைப் பிடித்துத் தள்ளிய கை ஞாபகம் வரும். உள்ளே எண்ணெய் இருக்கலாம் என்று உனக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் என்னை ஏன் தள்ளினாய்? என் கண்ணைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்கு என் பெயரைக் காப்பாற்ற ஏன் தெரியவில்லை? கண்ணைக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டாயா? அப்படிக் கொடுத்துவிட்டவனை நான் எப்படித் திட்டுவது? அதுதான் எனக்கு ஆத்திரம்.

இன்றைக்குக் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனபோது உன் அண்ணன் என்னைத் தனியாகப் பட்டறைக்குள் கூப்பிட்டார். ஆள் பாதியாகிவிட்டார். பூஜை மாடத்திலிருந்து இந்த வால்வை எடுத்து என் கையில் வைத்தார்.

"வருசா வருசம் ஆயுத பூசைக்கு இதையும் தொடச்சு, எண்ணெய் போட்டு, பொட்டு வெச்சுத்தான் கும்பிடுதேன். அன்னைக்குக்கூட என் கையாலதான் செஞ்சேன். அவன் உசிரைக் காப்பாத்துனதே அந்தப் பூசைதான்னு இருக்கேன். இனிமே நீ வெச்சுக்கோப்பா. கழுவாம விட்டுட்டியேங்கிற கோவத்துல உன்னைய என்னென்னமோ பேசிப்புட்டேன். எல்லாத்தையும் மறந்துட்டேன். நீயும் மனசுல வெச்சுக்காத."

அவர் என்னை மன்னித்துவிட்டாராம்! உனக்குக் கேட்கிறதா? நான் செய்யாத தப்புக்கு, அவரே மனதாரச் செய்த காரியத்துக்கு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னித்தார். அவர் விரலெல்லாம் எண்ணெய். நீதான் இல்லையே, சத்தியம் யாருக்கு இனிமேல்? சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் கண்ணைப் பார்த்தேன்.

"சரிங்க அண்ணாச்சி" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது அழுகையே வரவில்லை, உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே வந்தேன். அன்றைக்குக் கல்லுக்குழியில் அவர் முன்னால் உனக்கு ஏன் வாய் வரவில்லை என்று இத்தனை வருஷம் உன்னை வைதேன். கடைசியில் என்னையும் உன்னை மாதிரியே ஆக்கிவிட்டுப் போய்விட்டாய்.

அடுப்பில் வென்னீர் கொதித்துவிட்டது. சோடா போட்டாயிற்று. இதை எழுதி முடித்ததும் வால்வைக் கழட்டிக் கழுவப் போகிறேன். கழுவி, காயவைத்து, பையில் போட்டு என் முடிச்சைப் போடுவேன். அந்த வேலையை இன்னும் நான் மறக்கவில்லை.

அந்தத் தடவையும் நன்றாகத்தான் கழுவிக் கட்டியிருந்தேன். அது உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய்.