தீவுச் சோளத்துக்கு யார் உப்பு போட்டது?

என் சேட்டைக்கெல்லாம் கூட்டாளியான நைனாவுக்கு,

நீ இப்போது எந்தக் கப்பலில் அடுப்பு பற்றவைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. மேலே இருப்பவர்களுக்கும் பசிக்குமா? பசித்தால் உன்னைத்தான் முதல் ஆளாகச் சமையல்கட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அங்கே நல்ல தேங்காய் கிடைக்கிறதா, இல்லை பாக்கெட் பாலை ஊற்றி ஒப்பேற்றுகிறாயா?

நான் நலம். ப்ளஸ் ஒன் பாஸ். ஒரு கையில் பேனாவும் ஒரு கையில் மோர் சொம்புமாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மத்தியானத்திலிருந்து இது மூன்றாவது சொம்பு. காரணம் கடிதத்திலேயே இருக்கிறது, அவசரப்படாதே.

இன்றைக்கு உனக்கு முதல் வருஷப் படையல். விருந்தாளி நீதான், ஆனால் விருந்தாளிக்கு இலையில் வந்தது மட்டும்தான் தெரியும். அடுப்பு பக்கத்தில் நடந்த கூத்து தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தெருவே படித்தாலும் பரவாயில்லை. காசிமேட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

உன்னைத் தெரியாமல் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் நைனா சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. மற்றவர்களுடைய அப்பாக்கள் கப்பலிலிருந்து சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவந்தார்கள். என் நைனா சமோவா, டோங்கா, தாஹிட்டி என்று எந்தத் தீவில் கப்பல் நின்றாலும் அங்கே என்ன சமைக்கிறார்கள் என்று பார்த்து, அதை மண்டைக்குள் ஏற்றிக்கொண்டு வந்தார். சுங்கத்தில் பிடிக்க முடியாத சரக்கு அது ஒன்றுதான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, புவியியல் பரீட்சையில் பாலினேசியா என்றால் என்ன என்று கேட்டதற்கு, ‘தேங்காய்ப் பால் மேல் நேசம் வைத்தவர்கள் வாழும் தீவுகள்’ என்று எழுதிவைத்தேன். டீச்சர் பூஜ்யம் போட்டார். நீ அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்து, சோளம் உரித்த கையாலேயே நூற்றுக்கு நூறு என்று திருத்தினாய். அந்தக் கறை இன்னும் போகவில்லை.

மொட்டைமாடியில் பழைய இரும்பு ட்ரம்மை வைத்து, கருங்கல்லைச் சூடாக்கி அடுக்கி, வாழையிலைக்குள் அன்னாசியும் சர்க்கரைவள்ளியும் பொதிந்து மூடிவைப்பாயே. முதல் தடவை புகையைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர் வாளியில் தண்ணீரோடு ஓடிவந்தார். அன்றைக்கு அவருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தாய். அதற்குப் பிறகு புகை வந்தால் அவர் தட்டோடு வந்தார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ராஜா தீவுச் சோளம்தான். தீவில் அதைப் பச்சை மீனில் செய்வார்கள் என்றாய். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேங்காய்ப் பால் ஊற்றி அப்படியே சாப்பிடுவார்களாம். மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மா முகத்தைச் சுளித்தாள். “விடியக்காலைலேர்ந்து பச்ச மீன தொட்டுகினு கீறேன். வூட்டுக்கு வந்து அத்த பச்சையாவே துன்னணுமா?” என்றாள். மறுநாளே நீ மீனை எடுத்துவிட்டு மக்காச்சோளத்தைப் போட்டாய். முத்துகளைச் சீவி, கத்தியின் முதுகால் கதிரை வழித்துப் பாலெடுத்து, இஞ்சி, பச்சை மிளகாய், வெங்காயத்தோடு தேங்காய்ப் பாலில் கொதிக்கவிட்டு, இறக்கியபிறகு எலுமிச்சை. அந்தத் தீவுக்காரர்களுக்கே தெரியாத தீவுச் சமையல். அம்மாவுக்காக நீ கண்டுபிடித்தது.

நீ கடைசியாகச் சமைத்ததும் அதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா மார்க்கெட்டிலிருந்து களைத்துப்போய் வந்தாள். வாங்கிய மீன் பாதி விற்காமல் கிடந்த கோபம் வேறு. நீ கிண்ணத்தை நீட்டினாய். “பேஜார் பண்ணாத, நீயே துன்னு,” என்று கையைத் தள்ளிவிட்டு அம்மா படுத்துவிட்டாள். நீ சிரித்துக்கொண்டே கிண்ணத்தை மூடிவைத்தாய். விடிந்தபோது கிண்ணம் இருந்தது, நீ இல்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

இந்த ஒரு வருஷமாக அம்மா சோளத்தைத் தொடவில்லை, நைனா. கல்மண்டபத்தில் சோளம் சுடுகிற வண்டி நின்றால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நடப்பாள். உன் பெரிய வாணலியைக் கட்டிலுக்கு அடியில் கவிழ்த்துவைத்தாள். பெருக்கும்போதுகூட அதன்மேல் துடைப்பம் படாது. அழுதிருந்தால் நான் ஏதாவது கோமாளித்தனம் செய்து நிறுத்தியிருப்பேன். அழவே இல்லை. அழாத ஆளிடம் என்ன சேட்டை செய்வது?

போன வாரம் அத்தை வந்தாள். உன் அக்காவைப் பற்றி உனக்கு நான் சொல்லவா வேண்டும்? படையலுக்கு வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, நண்டுக் குழம்பு, வடை என்று விரலை மடக்கிக்கொண்டே போனாள். செத்தவர்களுக்குப் பிடித்ததைத்தானே படைக்க வேண்டும், அப்படியென்றால் தீவுச் சோளமும் வேண்டும் என்றேன்.

“படையல்ல சோளமா? என் தம்பி இன்னா மாடா?”

“மாடு இல்ல அத்தே, மாடர்ன். உங்க தம்பி உலகத்த சுத்துனவரு.”

“வாய பாரு. கஸ்தூரி, உம்பொண்ணு வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடு.”

அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. “அவ இன்னா வேணா பண்ணிகினு போட்டும் அண்ணி. என்ன அந்தப் பக்கம் இஸ்துக்க வேணாம்,” என்றாள். அவ்வளவுதான். ஆனாலும் எனக்குப் போதும். வேண்டாம் என்று சொல்லவில்லையே.

இன்று காலை உன் வாணலியை இழுத்தெடுத்துத் துலக்கினேன். கீழ்வீட்டு வாளிக்காரர் ட்ரம்மில் கல் அடுக்க உதவினார். நீ தேங்காய்ப் பாலைப் பொட்டலம் கட்டுகிற சேப்பங்கிழங்கு இலை கிடைக்கவில்லை, பசலைக்கீரையில்தான் கட்டினேன், மன்னித்துக்கொள். சோளம் சீவும்போது ஒரு முத்து அத்தையின் கொண்டையில் போய் உட்கார்ந்தது. சத்தியமாக அது தற்செயல். எடுத்துவிடாமல் இருந்தது மட்டும்தான் என் தப்பு.

சமையல் நன்றாகத்தான் வந்தது. பால் திரியவில்லை, சோளம் குழையவில்லை. உன் கணக்குப்படி உப்பைக் கடைசியில் போட்டேன், இறக்கிவைத்து எலுமிச்சை பிழிந்தபிறகு. பிரச்சினை என்ன தெரியுமா? படையல் சோற்றை நீ சாப்பிடுவதற்கு முன்னால் நாங்கள் யாரும் ருசி பார்க்கக் கூடாது. நாக்கில் ஒரு துளி பட்டாலும் எச்சில். அத்தை வாசற்படியில் காவல்காரி மாதிரி நின்றாள். சரி, கை அளவுதான் என்று ஒரு கை உப்பைப் போட்டு, மூடிவிட்டு, ட்ரம்மிலிருந்து அன்னாசியை எடுக்க மாடிக்குப் போனேன்.

மத்தியானம் இலை போட்டு, ஊதுவத்தி ஏற்றி, உன் போட்டோவுக்கு முன்னால் எல்லாவற்றையும் வைத்தோம். பிறகு ஒரு இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து மாடிச் சுவரில் காக்காவுக்கு வைத்தாள் அம்மா. காக்கா உடனே வந்தது. வடை தின்றது. இறால் தின்றது. சோளத்தில் ஒரு கொத்து கொத்தியது. அப்படியே நின்றது. தலையை இப்படியும் அப்படியும் உதறி, மூக்கைச் சுவரில் தேய்த்துவிட்டுப் பறந்துபோய்விட்டது.

 பிறகு அத்தைதான் மெதுவாகச் சொன்னாள்.

“பாத்தியா கஸ்தூரி. தம்பி இன்னும் கோவமா கீறான்.”

நான் அத்தையை முறைத்தேன், ஆனால் அதற்குள் வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா அப்படியே தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“எம்மேலதான் அண்ணி,” என்றாள். “அன்னிக்கு ஆசையா நீட்டினாரு. நான் கைய தள்ளி வுட்டேன். இன்னிக்கு நாங்க வெச்சத அவரு தள்ளி வுட்டாரு. சரியாப் போச்சு.”

ஒரு வருஷமாக வெளியே வராத பேச்சு அது, நைனா.   உனக்குக் கோபம் வராது என்று எனக்குத் தெரியும். கப்பலில் குழம்பில் கரப்பான் விழுந்தாலே சிரிக்கிறவன் நீ. ஆனால் அதை எப்படி நிரூபிப்பது?

கீழே ஓடினேன். வாணலியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டேன்.

கடல். எண்ணூர் முகத்துவாரத்தில் தவறி விழுந்து குடித்தேனே, அதே தண்ணீர். கண்ணில் நீர் வந்துவிட்டது. நைனா, காக்கா கோபித்துக்கொண்டு போகவில்லை. தண்ணீர் தேடிக்கொண்டு போயிருக்கிறது.

வாணலியோடு மாடிக்கு ஏறினேன். “யாருக்கும் கோவம் இல்ல. உப்பு. வெறும் உப்பு. துன்னு பாருங்க,” என்றேன்.

அத்தை ஒரு முத்தை எடுத்து வாயில் வைத்தாள். அடுத்த நொடி என் காது அவள் கையில் இருந்தது. “படையல்லயே உன் வேலைய காட்டுறியா? அன்னிக்கு என் காப்பில உப்ப போட்டவதானே நீ?”

“அது வேற கேஸு அத்தே, தீர்ப்பு சொல்லியாச்சு. இன்னிக்கு நான் ஒரு கைதான் போட்டேன். நைனா மேல சத்தியமா.”

உன் பெயரில் நான் பொய்ச் சத்தியம் செய்யமாட்டேன் என்று அத்தைக்குத் தெரியும். காதை விட்டாள். 

“நானும் ஒரு கை போட்டேன்,” என்றாள். “இவ எங்க ஒயுங்கா போட்டிருப்பா, வெளையாட்டுப் புத்தில மறந்திருப்பான்னு. துன்னு பாக்கவும் கூடாதே, நான் இன்னா பண்றது?”

இரண்டு கை. இரண்டு கை உப்பு கரிக்கும், ஆனால் கடலாகாது. நானும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொட்டி பக்கம் திரும்பினோம்.

அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“நீ மாடிக்குப் போன நேரம் வந்தேன்,” என்றாள். “அண்ணியும் எல போட போயிருந்தாங்க. தட்ட தெறந்தேன். அதே வாசன. உப்பு இல்லாம அவரு முன்னாடி போயிடப் போவுதேன்னு ஒரு கை...”

கருவாட்டுக்கு உப்பு அள்ளுகிற கை, நைனா. அதில் என் கை மூன்று அடங்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தப்பு என்று தெரிந்தும் வந்தது. அத்தை முதலில் முறைத்தாள், பிறகு அவளுக்கும் தொற்றிக்கொண்டது. வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் வாணலியைப் பிடித்தபடி நின்றேன். அது ரொம்ப கனம், ஆனால் கீழே வைக்கத் தோன்றவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா எழுந்தாள். “அத்த இங்க குடு,” என்று வாணலியை வாங்கினாள்.

கீழே வந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அத்தை தேங்காய் துருவினாள். நான் ஓடிப்போய், அம்மா ஒரு வருஷமாக ஒதுங்கிப்போன அதே வண்டியில், சுடாத கதிராக இருந்த எல்லாவற்றையும் வாங்கிவந்தேன். உப்பைக் குறைக்க முடியாது, சோளத்தைக் கூட்டலாம் இல்லையா? சீவச் சீவ அம்மா போட்டுக்கொண்டே இருந்தாள். வாணலி நிறைந்து, குண்டானுக்கு மாறி, அதுவும் நிறைந்தது. கடைசியில் தீவுச் சோளம் ஒரு தீவுக்கே போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. பாத்திரம் பாத்திரமாகத் தெருவுக்குப் போனது. வாளிக்காரர் இரண்டு தடவை வந்தார்.

எல்லாருக்கும் கொடுத்தபிறகு அம்மா ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு அடுப்பு பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். முதல் வாயை ரொம்ப நேரம் மென்றாள். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாமா, எப்டி கீது?”

“இன்னும் லேசா கரிக்குது,” என்றாள். பிறகு, “அன்னிக்கே துன்னிருக்கலாம்,” என்றாள்.

கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கரண்டி போடச் சொன்னாள்.

நைனா, காக்கா விஷயத்தில் நான் அத்தையோடு சண்டை போடப்போவதில்லை. நீ அதில் வந்தாயா வரவில்லையா, எனக்கு எப்படித் தெரியும்? வந்திருந்தால், உன் பெண்டாட்டி கை உப்பை உனக்கு அடையாளம் தெரிந்திருக்காதா?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், இது விளையாட்டு இல்லை. இனி இந்த வீட்டில் யார் எவ்வளவு கோபத்தோடு வந்தாலும், எவ்வளவு களைப்பென்றாலும், நீட்டின கிண்ணத்திலிருந்து ஒரு வாயாவது சாப்பிடாமல் படுக்க விடமாட்டேன். அம்மா தள்ளிவிட்டால் திரும்ப நீட்டுவேன். திட்டினால் ஊட்டிவிடுவேன். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, தொல்லை கொடுப்பதில் நான் தோற்றதே இல்லை.

இப்படிக்கு,
உன் வாய்க்கும் உன் வாணலிக்கும் ஒரே வாரிசு,
உன் மகள் தேனு