முப்பத்தெட்டாவது பொருள்

நவீன் சாமிக்கு அம்மா எழுதுவது. நீயும் கிருத்திகாவும் நிலாக் குட்டியும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம், சுகமாக இருக்கிறோமா என்றால் அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம், ஆனால் நான் போனை எடுத்தால் உன் அப்பா எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், வாயைத் திறந்து ஒன்றும் சொல்வதில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் போஸ்ட் ஆபீசில் போய் வெளிநாட்டுக்கு எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று விசாரித்துவிட்டு வந்து எழுதுகிறேன். ராசிபுரத்துச் சின்னத்தை மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, நீ வரவில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். மழை இன்னும் சரியாக இல்லை, தோட்டத்துப் போர் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் அடுத்த மணி நேரம் காற்றைத்தான் துப்புகிறது. நிலாவுக்குப் பல் முளைக்கும்போது காய்ச்சல் வந்தால் பயப்பட வேண்டாம் என்று கிருத்திகாவிடம் சொல், உனக்கும் அப்படித்தான் வந்தது.

நான் கவுன்சிலர் ஆன கதை உனக்குத் தெரியும். நம் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள், உன் அப்பா நிற்க முடியவில்லை, என்னை நிறுத்தினார். நோட்டீசில் அவர் படம் பெரிதாக, என் படம் தபால்தலை மாதிரி. ஓட்டுக் கேட்கப் போகும்போது அவர் முன்னால் நடந்தார், நான் கும்பிட்ட கையோடு பின்னால் போனேன். ஜெயித்ததும் மாலை அவர் கழுத்தில்தான் விழுந்தது. இன்றைக்கும் ஊரில் கவுன்சிலர் என்றால் அவர்தான், நான் கவுன்சிலர் ஊட்டம்மா. அதில் எனக்கு அப்போது வருத்தம் இருந்ததில்லை, பொய் சொல்ல மாட்டேன். மாதம் ஒரு தடவை கூட்டத்துக்குப் போவேன், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன், மிக்சரும் காபியும் தருவார்கள். ஒருத்தர் பொருள் ஒன்று, பொருள் இரண்டு என்று வேகமாகப் படிப்பார். பிளீச்சிங் பவுடர் வாங்க, மோட்டார் பழுது பார்க்க, தெருவிளக்கு மாற்ற, ஒவ்வொன்றின் கீழும் அலுவலகக் குறிப்பு, அனுமதிக்கலாம் என்று இருக்கும். யாராவது ஆல் பாஸ் என்பார்கள், மேசையைத் தட்டுவார்கள், வீட்டுக்கு வந்துவிடுவேன். முதல் வருஷம் உன்னிடம் ஒருநாள் எனக்கு அங்கே என்ன பேசுவது என்றே தெரியவில்லை சாமி என்று சொன்னபோது, அப்பா சொல்ற எடத்துல கையெழுத்தப் போட்டுட்டுப் போம்மா, உனக்கெதுக்கு இந்த டென்ஷன் என்றாய். நீ என் நல்லதுக்குத்தான் சொன்னாய். ஆனாலும் அதை நான் மறக்கவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓட்டுக் கேட்கப் போன நாளில் தினசரிச் சந்தையில் பொன்னாத்தாள் என்று ஒரு அம்மாள், மல்லசமுத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் தக்காளியும் கீரையும் கொண்டுவந்து விற்கிறவர், நம் நோட்டீசைக் கையில் வாங்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து, எங்களுக்கு ரோடு வேண்டாங்க அம்மிணி, லைட்டு வேண்டாங்க, அந்தக் கக்கூசுல தண்ணி வந்தாப் போதுங்க, காத்தால வந்தா பொழுதோட போற வரைக்கும் வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாம ஒக்காந்திருக்கறோமுங்க என்றார். செய்கிறேன் என்றேன். உன் அப்பாவும் செஞ்சு குடுத்தர்லாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். ஜெயித்த பிறகு அவரிடம் எத்தனையோ தடவை சொன்னேன், பாக்கலாம் பாக்கலாம் என்றே இரண்டு வருஷம் போனது. கடைசியில் நானே தனியாக நகராட்சி ஆபீசுக்குப் போய் இன்ஜினியரைப் பார்த்து, அவர் இல்லாவிட்டால் மறுநாள் மறுபடியும் போய், செருப்புத் தேய்ந்துதான் அந்தக் கழிப்பிடத்துக்குத் தண்ணீர் இணைப்பு வாங்கினேன். தரைக்கு டைல்ஸ் போட்டார்கள், பெண்கள் பக்கம் புதுக் கதவுகள் வைத்தார்கள். தண்ணீர் வந்த அன்றைக்குப் பொன்னாத்தாள் ஒரு கட்டு முருங்கைக்கீரையை என் கையில் திணித்துவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனார். நான் கவுன்சிலராக இருந்து செய்த காரியம் அது ஒன்றுதான் சாமி. ஒரு வருஷம்கூட முழுதாக நிற்கவில்லை.

வைகாசியில் கூட்டத்துக்கு முதல்நாள் சாயங்காலம் பொருள் நிரல் வந்தது. எப்போதும் அதை உன் அப்பாதான் வாங்கி வைப்பார். அன்றைக்கு அவர் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார், அதனால் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தடவையாக முழுதும் படித்தேன். முப்பத்தெட்டாவது பொருள், தினசரிச் சந்தை வளாகத்தில் உள்ள பழுதடைந்த பொதுக் கழிப்பிடத்தை அப்புறப்படுத்தி அவ்விடத்தில் ஆறு கடைகள் கட்டி ஏலம் விட மன்றத்தின் அனுமதிக்கு என்று இருந்தது. கீழே, அனுமதிக்கலாம். போன வருஷம் டைல்ஸ் போட்ட இடம் எப்படிப் பழுதடைந்தது என்று எனக்குப் புரியவில்லை. உன் அப்பா வந்ததும் கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, அது தலைவரே முடிவு பண்ணுனது, வேற எடத்துல புதுசாக் கட்டுவாங்க, நீ பேசாம இரு என்றார். வேறு இடம் எது என்று கேட்டேன். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, ஆறுல ஒரு கடை நமக்குத்தான், நவீன் பேர்லயே எடுத்துர்லாம், நாளைக்கு அவன் திரும்பி வந்தா ஊர்ல ஒரு எடம் வேணுமல்ல என்றார். உன் பெயரைச் சொன்னால் நான் அடங்கிவிடுவேன் என்று நினைத்தார். உண்மையில் கொஞ்ச நேரம் அடங்கித்தான் போனேன், அதையும் எழுதிவிடுகிறேன். சோறு போட்டுப் பரிமாறிவிட்டுப் படுத்த பிறகும் ஏலம்தானே, யாரோ எடுப்பதை நம் பிள்ளை எடுத்தால் என்ன என்று என் புத்தியே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. காலையில் சந்தைக்குக் காய் வாங்கப் போனேன். கழிப்பிட வாசலில் மூன்று பெண்கள் வரிசையில் நின்று எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியும் என்று தோன்றவில்லை.

கூட்டத்தில் முப்பத்தேழு முடிந்து முப்பத்தெட்டு என்று படிக்க ஆரம்பித்ததும் எழுந்து நின்றேன். மூன்று வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்தது அன்றைக்குத்தான். மைக் தரவில்லை. தலைவருங்க, இந்தப் பொருளுக்கு நான் ஒத்துக்கலீங்க, அந்தக் கக்கூசு நல்லாத்தான் இருக்குது, என் ஆட்சேபணையை எழுதிக்குங்க என்றேன். தலைவர் சிரித்துக்கொண்டே, ஏனுங்க அக்கா, மாமா ஒன்னுஞ் சொல்லி அனுப்பலீங்களா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் கவுன்சிலர்களும் சிரித்தார்கள், ஒருத்தி என் முந்தானையைப் பிடித்து உட்காருங்கக்கா என்று இழுத்தாள். அவர்களுக்கும் அந்தச் சந்தையில்தான் காய் வாங்குகிற பழக்கம், அவர்களுக்கும் எனக்கும் உடம்பு ஒன்றுதான். நான் மறுபடியும் அதையே சொன்னேன். தீர்மானப் புத்தகம் எழுதுகிற முருகானந்தம் தலையைக் குனிந்து ஏதோ எழுதினார், நான் பார்த்தேன். அடுத்த பொருள் என்றார்கள். ஆல் பாஸ் என்றார்கள். மேசையைத் தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது உன் அப்பாவுக்குச் சேதி வந்துவிட்டது. கத்தவில்லை. இருவது வருசமா நான் சேத்த பேரை ரெண்டு நிமிசத்துல கெடுத்துப் போட்டயே என்று மட்டும் சொன்னார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை என்று வைத்துக்கொள். அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் சாப்பிடுகிறார், என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. சரி, கோபம் ஆறும் என்று இருந்தேன். பத்து நாள் கழித்து ஆபீசுக்குப் போய்த் தீர்மான நகல் கேட்டு வாங்கிப் படித்தால், பொருள் முப்பத்தெட்டு, அனைத்து உறுப்பினர்களாலும் ஒருமனதாக அனுமதிக்கப்பட்டது என்று இருக்கிறது. அந்த ஒருமனத்தில் என் மனமும் சேர்ந்திருக்கிறது பார். முருகானந்தத்திடம் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நான் எழுதுனது வேறங்கம்மா, பக்கத்தை மாத்தச் சொல்லிட்டாங்க, ரெண்டு புள்ளைகளை வெச்சிருக்கறேனுங்க என்றார். அவரை நான் என்ன சொல்ல. ஆணையாளரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கி வைத்துக்கொண்டு, இது ரொட்டீன் சப்ஜெக்ட் மேடம், சார்கிட்டப் பேசிட்டேன் என்றார். சார் என்றால் உன் அப்பா. மேலே உள்ள ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது, என் மனு உரிய நடவடிக்கைக்காக அதே ஆணையாளருக்கு அனுப்பப்பட்டுள்ளதாம்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் பொக்லைன் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஓடினேன். அதற்குள் ஒரு பக்கச் சுவர் போய்விட்டது, டைல்ஸ் எல்லாம் மண்ணோடு கிடந்தது, உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. சந்தைப் பெண்கள் கூடையும் தராசுமாக நின்றார்கள். பொன்னாத்தாள் என்னிடம் வந்து, நீயுங் கையத் தூக்குனயாமா அம்மிணி என்று கேட்டார். எப்போதும் ங்க போட்டுப் பேசுகிறவர், அன்றைக்குப் போடவில்லை. இல்லை, நான் எதிர்த்தேன் என்றேன். எல்லாருஞ் சேந்துதான் பண்ணுனதுன்னு காயிதத்துல இருக்குதாமா, படிச்சுக் காமிச்சாங்க என்றார். காகிதம் பொய் என்று சொன்னால், அந்தக் காகிதம் போடுகிற இடத்தில் நீ எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று அவர் கேட்பார். கேட்கவில்லை, திரும்பிப் போய்க் கடையில் உட்கார்ந்துகொண்டார். ஆவணிக்குள் அவர் படுத்துவிட்டார். தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து கிட்னி வரைக்கும் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். ஆஸ்பத்திரிக்கு மோர் எடுத்துக்கொண்டு போனேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மருமகள்தான் வாங்கி வைத்தாள். இப்போது உடம்பு தேறிவிட்டது, ஆனால் சந்தைக்கு வருவதில்லை, அவர் ஊர் பஸ் நிறுத்தத்திலேயே சாக்கை விரித்து விற்கிறாராம்.

சந்தையில் மற்றப் பெண்கள் லாரி பட்டறைக்குப் பின்னால் சீமைக்கருவேலம் முளைத்திருக்கிற இடத்துக்கு ஒதுங்கப் போய்க்கொண்டிருந்தார்கள். பட்டறை ஆட்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று ஒரு பெண் என்னிடம் சொல்லி அழுதாள். நம் வீட்டுக்கும் சந்தைக்கும் இரண்டு தெருதான். பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டு, வெளியில் இருக்கிற கழிப்பறையைக் கழுவி வைத்து, வாங்க என்று நானே போய்ச் சொன்னேன். ஒரு வாரம் யாரும் வரவில்லை, கவுன்சிலர் வீடாயிற்றே. பிறகு ஒருத்தி வந்தாள், இப்போது பதினோரு பேர் வந்து போகிறார்கள். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, ஊட்டைச் சந்தையாக்கிட்டா என்று வாசலில் நின்று தெருவுக்குச் சொன்னார், எனக்குச் சொல்லவில்லை. பின்கதவுக்கு ஒருநாள் பூட்டுப் போட்டார். பூட்டுக்காரரைக் கூப்பிட்டுத் திறந்துவிட்டேன். இதெல்லாம் பெரிய சாதனை என்று எழுதவில்லை சாமி. ஒரு ஊருக்கே நகராட்சி செய்ய வேண்டியதை ஒரு கவுன்சிலர் தன் வீட்டுக் கொல்லையில் செய்தால் அது சாதனை இல்லை, கேவலம். பொன்னாத்தாள் இன்னும் என் முகத்தில் விழிக்கவில்லை, அவர் விழிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயும் இல்லை.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. கடைகள் கட்டி முடிகிற நிலையில் இருக்கின்றன, ஷட்டர் மாட்டுகிறார்கள். ஏலம் பேருக்கு நடக்கும். உன் அப்பா உனக்கு ஒரு ஒப்புதல் படிவம் அனுப்புவார், மெயிலில் வரும் என்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அதில் நீ கையெழுத்துப் போடக் கூடாது. அவர் உன்னைக் கூப்பிட்டு உனக்காகத்தான் என்பார், அது நிஜமும்கூட, உன்மேல் அவருக்கு உயிர். அதற்காக அந்த இடத்தின் மேல் உன் பெயரை எழுதிய பலகை தொங்குவதை நான் பார்க்க வேண்டுமா என்று யோசித்துக்கொள். நீ கையெழுத்துப் போட்டால் நான் உன்னை வெறுக்க மாட்டேன், அம்மாவுக்கு அது முடியாது. ஆனால் அந்தச் சந்தைப் பக்கம் இந்த ஜென்மத்தில் போக மாட்டேன்.

ராஜினாமா செய்யவில்லை. செய்தால் அவர்களுக்கு நிம்மதி. அடுத்த கூட்டம் பத்தொன்பதாம் தேதி, போவேன், ஒவ்வொரு பொருளையும் படித்துவிட்டுப் போவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீ வேளைக்குச் சாப்பிடு, கிருத்திகாவிடம் வேலைக்குப் போகிற இடத்தில் யார் என்ன சொன்னாலும் வாயை மூடிக்கொண்டு இரு என்று நீ சொல்லாதே. நிலாவை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்க வை, அங்கே கிடைக்காவிட்டால் எழுது, அனுப்புகிறேன். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருங்கள், செங்கோட்டு மலைச்சாமி துணை இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவிடம் போனில் பேசும்போது, அம்மா தெரியாமப் பண்ணிட்டாங்க, மன்னிச்சு விட்ருங்கப்பா என்று எனக்காகக் கேட்டுவிடாதே. தெரிந்துதான் செய்தேன்.

உன் அம்மா,
அறிவுச்செல்வி