நானே கொண்டுபோய் விட்ட வாசல்

786

செஞ்சி,
18.11.2025, செவ்வாய்.

அன்பு மகள் மெஹ்ரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் அத்தா பீர் முகமது எழுதுகிறேன். தபாலைப் பார்த்ததும் பதறாதே, இங்கே எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். உன் அம்மாவுக்கு முட்டிவலி. தைலம் தேய்த்தால் போய்விடும், தேய்க்கத்தான் மாட்டாளாம். உன் தம்பி தௌசீஃப் கடைக்கு ஒழுங்காக வருகிறான், பத்து மணிக்கு. மழையில் கிணறெல்லாம் ததும்பிக் கிடப்பதால் எவனும் மோட்டார் ஓட்டுவதில்லை, எரிந்த மோட்டார் கடைக்கு வருவதுமில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் கை சும்மா இருந்தால் அவன் மனசு சும்மா இருக்காது.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்கு என்ன வந்தது, பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று நினைப்பாய். நம் வீட்டில் உன் போன் வந்தால் ஸ்பீக்கரில்தான் ஓடும். நீ டோக்கியோவில் என்ன சாப்பிட்டாய் என்பது பக்கத்து வீட்டுக்கும் தெரியும். நான் சொல்லவேண்டியது அப்படிச் சொல்கிற விஷயமில்லை.

நீ படம் வரைந்து கொடுத்த அந்தக் கார்ட்டூன் தொடரைப் பார்த்தோம். கார்ட்டூன் என்றால் உனக்குக் கோபம் வரும், சரி, அனிமே. தௌசீஃப் கீழே ஓடுகிற இங்கிலீஷைத் தமிழில் சொல்லச் சொல்ல, நானும் உன் அம்மாவும் பத்து எபிசோடையும் பார்த்து முடித்தோம். மூன்றாவது எபிசோடில் அந்தப் பெண் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குன்று வந்ததே, உருண்டைப் பாறை மேல் பாறையாக! "அடிப்பாவி, நம்ம கிருஷ்ணகிரி மலையக் கொண்டுபோய் ஜப்பான்ல வெச்சுட்டா பாரு" என்று கத்தியேவிட்டேன். உன் அம்மா அந்த இடத்தை மட்டும் நாலு தடவை ஓட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கேட்டால் வெங்காயம் என்பாள்.

அந்தக் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் மீட்டர் பார்க்கிற ஒரு சாதாரண மனுஷன். மகளை ஒருவன் தொந்தரவு செய்கிறான் என்று தெரிந்ததும், மகளுக்கே தெரியாமல் ஒரு காரியம் செய்துவிடுகிறான். பிறகு போலீஸ் ஒரு பக்கம், ரவுடிகள் ஒரு பக்கம், ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். அன்றைக்குப் போனில் நீ சொன்னாய்: "அந்த அப்பாவ வரையறப்பல்லாம் உங்க ஞாபகம்தான் அத்தா வரும்." நீ பெருமையாகத்தான் சொன்னாய். நான் போனை உன் அம்மா பக்கம் தள்ளிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

உன்னை நினைத்தால் முதலில் அந்த ஆறு வயசுதான் வருகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வருவாய். மோட்டாருக்குள் வைக்கிற தடித்த மஞ்சள் பேப்பரைக் கேட்காமலே எடுத்து, ராஜகிரிக் கோட்டை உச்சியில் ஒரு வீடு வரைவாய். அதில் நாம் நாலு பேரும் நிற்போம், நான் மட்டும் மலையைவிட உயரமாக. "எதுக்கும்மா அத்தா இவ்ளோ பெருசு?" என்று கேட்டால், "அப்பத்தான் எல்லாரும் பயப்படுவாங்க" என்பாய். பேப்பர் வீணாகிறதே என்று திட்டிவிட்டு, நீ போனதும் மடிக்காமல் எடுத்து வைப்பேன். பெருநாளுக்கு மறுநாள் பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்குப் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு வருடம் செட்டிகுளத்தங்கரையில் குரங்கு உன் புது வளையல் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓட, நான் செருப்பில்லாமல் பாறை பாறையாகத் துரத்தினேன். பை கிடைக்கவில்லை, முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம். ஆனாலும் "எங்கத்தா குரங்கையே அடிச்சாரு" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாய். அந்தக் காலம் போல் இனி ஒரு காலம் எனக்கு வராதம்மா.

நீ பிளஸ் டூ படித்த வருடத்துக்கு வருகிறேன். தை மாதம். திடீரென்று நீ சரியாகச் சாப்பிடவில்லை. குளிக்கப் போனால் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். உன்னைக் கூப்பிட்டு என்னம்மா என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. வயசு வந்த பெண்ணிடம் அப்பன் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று ஒரு கூச்சம். கேட்காமலே கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பினேன். கூட்ரோட்டில் நீ பையைக் கட்டிப் பிடித்தபடி அழுதுகொண்டு நிற்கிறாய், எதிரில் ஸ்டீபன் பைக்கை நிறுத்திக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறான். உன்னோடு படித்த எலிசபெத்தின் அண்ணன். அவர்கள் அப்பா யாகப்பன் அனந்தபுரம் பக்கத்து விவசாயி, இருபது வருடமாக நம் கடை வாடிக்கை. இவன்தான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன். நம் மார்க்கத்துப் பையனாக இருந்திருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுத்திருப்பேனோ என்னவோ. பொய் சொல்ல விரும்பவில்லை, அதுவும் மனசில் இருந்தது.

அந்த வருடம் வயலில் கிடக்கிற மோட்டாரை உடைத்துச் செம்புக் கம்பி திருடுவது அதிகம். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, "பாய், புதுசா யாராச்சும் காயில் எடுத்தாந்தாங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். முப்பது வருடக் கடை, என் பேச்சுக்கு ஒரு மரியாதை. கூட்ரோட்டில் பார்த்த நாலாம் நாள் ஸ்டீபன் அவன் அப்பாவின் மோட்டாரைக் கடையில் இறக்கினான். நான் முகம் கொடுக்கவில்லை. "பாய், உங்ககிட்ட ஒரு விசயம் பேசணும். டீ குட்ச்சிட்டு வந்துடறேன்" என்றான். பெண் கேட்கப் போகிறான் என்று எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பழைய மோட்டாரிலிருந்து எரித்தெடுத்த கம்பி மூன்று கிலோ மூலையில் கிடந்தது. சாக்கில் சுருட்டி அவன் பைக்கின் பெட்டியில் திணித்தேன். ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, யாகப்பன் மகன் காயில் விற்க வந்தான், டீக்கடையில் நிற்கிறான் என்று சொன்னேன். வந்தவர்கள் மேல் தப்பில்லை, என்னை நம்பினார்கள்.

நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தான். போலீஸ் வேலைக்கு ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் தேறி ஆர்டருக்குக் காத்திருந்த பையன் அவன். நாலு வருடம் கழித்துக் கேஸ் நிற்காமல் விடுதலையானான், அதற்குள் வேலை கைவிட்டுப் போயிருந்தது. திருப்பூருக்குப் போய்விட்டான். யாகப்பன் நம் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, "பாய், ஸ்டேசன்ல உங்களுக்குப் பழக்கமாச்சே, ஒரு வார்த்த சொல்லுங்க. எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்ல" என்று அழுதார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன் மெஹ்ரீன். டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த மனுஷன் கடைசிவரைக்கும் என்னை நல்லவன் என்று நினைத்தே கண்ணை மூடினார்.

போன வியாழக்கிழமை ஸ்டீபன் கடைக்கு வந்தான். காதோரம் நரைத்துவிட்டது. கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பெயர் கிடைத்ததிலிருந்து கூட்டம் தாங்கவில்லை, காண்ட்ராக்ட்காரர் காவலுக்கு ஆள் எடுக்கிறாராம். பழைய கேஸ் இருப்பதால், இவன் நல்லவன் என்று உள்ளூரில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட கடிதம் கேட்கிறார்களாம். அதில் ஒரு கையெழுத்து என்னுடையதாக இருக்கவேண்டுமாம். "சின்னதுலேர்ந்து என்னப் பாத்தவரு நீங்கதான பாய். எவனோ திருட்டுப் பய பயந்துகினு எம் பொட்டியில போட்டுட்டான், நான் மாட்டிக்கினேன்" என்றான்.

அப்புறம் உன்னை விசாரித்தான். நன்றாக இருக்கிறாய், ஜப்பானில் இருக்கிறாய் என்றதும் அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில். "அன்னிக்கு நான் சொல்ல வந்தது அவங்களப் பத்திதான் பாய். கணக்கு டியூஷன் சார் ரொம்பத் தொந்தரவு குடுத்துகினு இருந்தாரு. எலிசபெத்து சொல்லிச்சு. எந் தங்கச்சிய நான் டியூஷன்லேர்ந்து நிறுத்திட்டேன். உங்க அத்தாகிட்ட சொல்லுங்கன்னு ரோட்ல நின்னு கெஞ்சனேன். அத்தா கோவக்காரரு, கொலையே பண்ணிடுவாருன்னு அழுதாங்க. சரி, நானே பக்குவமா சொல்றேன்னு வந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. ஜெயிலுக்குப் போனவன் வந்து சொன்னா யாரு நம்புவாங்கன்னு உட்டுட்டேன்." இதைச் சொல்லிவிட்டு அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அவன் என்னிடம்!

அவன் போனதும் அந்த நாட்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஸ்டீபனைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள் நீ, "நான் டியூஷனுக்குப் போகல அத்தா, வூட்டுலயே படிச்சுக்கறேன்" என்றாயே. தொல்லை பண்ணினவனைத்தான் ஒழித்தாயிற்றே, இன்னும் என்ன இவளுக்கு என்று உன் மேல் பாய்ந்தேன். "பரீட்ச நேரத்துல நாடகம் ஆடாத. நானே கொண்டாந்து உடறேன், எவன் வரான் பாக்கலாம்" என்றேன். தினமும் டி.வி.எஸ்ஸில் உட்காரவைத்து நானே கொண்டுபோய் அந்த வாசலில் விட்டேன். முப்பத்தெட்டு நாள். உள்ளே போகுமுன் நீ ஒருமுறை திரும்பிப் பார்ப்பாய். பயப்படாதே, அத்தா இருக்கிறேன் என்று நான் கை காட்டுவேன். நீ பயந்த இடத்துக்குள்ளேயே உன்னைக் கையைப் பிடித்து அனுப்பிவைத்த பாவி நான்.

நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து அடுப்படிக்குப் போனாள். அரிசி களைந்தாள், உலை வைத்தாள். அப்புறம், "மொதல்ல அவளுக்கு எழுதுங்க. ஊருக்கு அப்பறம் சொல்லிக்கலாம்" என்றாள். இன்று காலை வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஸ்டீபன் வீட்டுக்குப் போகிறேன். நல்லவன் என்று கையெழுத்துப் போட எனக்கு அருகதை இல்லை. அந்தக் கம்பி என் கடைக் கம்பி, வைத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அவன் கையில் ஒன்று, ஸ்டேஷனில் ஒன்று. வக்கீல் வெற்றிவேலைக் கேட்டேன். "உங்க மேல கேஸ் வரும் பாய், உள்ளயும் போவீங்க" என்றார். போகிறேன். ஏன் செய்தாய் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன், உன் பெயர் வராது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் இதெல்லாம் நடந்திருக்கும். அடித்துப் பிடித்துக்கொண்டு வராதே. தௌசீஃப் கடையைப் பார்த்துக்கொள்வான், ஒன்பது மணிக்கே எழுந்தாலும் எழுவான்.

அந்த டியூஷன் ஆள் இப்போது திண்டிவனத்தில் இருக்கிறானாம். ஸ்டீபன் வந்து சொன்ன அந்த வியாழக்கிழமையே பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டேன். பஸ்ஸும் நின்றது. ஏறவில்லை. உன்னைக் கேட்காமல் உனக்காக நான் செய்த ஒரு காரியம் போதும். அவன் மேல் புகார் கொடுக்கவேண்டும் என்றால் சொல், உன் பக்கத்தில் நிற்பேன். அந்தப் பேச்சே வேண்டாம் என்றால், சரி. உன் இஷ்டம்தான், என் கோபம் இல்லை. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அம்மாவோடு மட்டும் பேசு, நீ நன்றாக இருக்கிறாய் என்று அவள் வாயால் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாம் வல்ல அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைத்துக்கொள்ளட்டும். அத்தா காத்த லட்சணம்தான் தெரிந்துவிட்டதே.

மகளே, அன்று நான் கேட்டிருக்கவேண்டியது ஒரே ஒரு வார்த்தை. பன்னிரண்டு வருடம் கழித்துக் கேட்கிறேன். இடையில் பேச மாட்டேன், கோபப்பட மாட்டேன், நீ முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன். டியூஷனுக்குப் போக மாட்டேன் என்றாயே, ஏம்மா?

துஆக்களுடன்,
உன் அத்தா
பீர் முகமது