ஒரு முழம் உயர்த்திய தெரு

அன்புள்ள அப்பாவுக்கு,

சின்னவளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் சௌக்கியம். இங்கே கணினிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான கணினிகள் சேர்ந்து இரைவதால் பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது. பேச ஆளில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். பெருமழை பெய்தால் வெள்ளம் எங்கே போகும் என்று கணக்குப் போடுவதுதானே என் ஆராய்ச்சி? சோதனைக்கு நம் ஊர் வரைபடத்தையே கொடுத்தேன். நாற்பது முறை ஓட்டினேன். நாற்பது முறையும் திரையில் நம் வீடு நீலமாகி மூழ்கியது. ஆத்திரத்தில் வரைபடத்தில் நம் தெருவை மட்டும் ஒரு முழம் உயர்த்திவிட்டேன். நம் வீடு தப்பியது. அந்தத் தண்ணீர் அப்படியே அடுத்த தெருவில் அக்கா வீட்டுக்குள் போனது.

பேராசிரியர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, தண்ணி கண்ணுலயே மண்ணைத் தூவப் பாக்குறியா? வெறும் கணக்குதானே, போய்ச் சாப்பிடு" என்றார். சாப்பிட உட்கார்ந்தாலும் அக்கா வீட்டு வாசற்படியில் அந்த நீலம் ஏறுகிறது.

பயப்பட ஒன்றுமில்லை. சும்மாதான் சொல்கிறேன், அம்மாவின் தையல் மிஷினையும் பத்திரங்களையும் மாடிக்கு ஏற்றிவிடுங்கள். நீங்கள் தூக்காதீர்கள், அத்தானைக் கூப்பிடுங்கள். மாடிச் சாவி ஒன்றை அக்காவிடம் கொடுத்துவையுங்கள். மழை வந்தால் எனக்குப் போன் போட்டு ஜன்னலோரம் வையுங்கள், கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

வரிசையில் என் முறை வந்துவிட்டது, கணக்கை மறுபடி ஓட்ட வேண்டும். நம் தெருவை நானே பழைய பள்ளத்துக்கு இறக்கிவிட்டேன், அப்பா. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அவசரத்தில்,
உங்கள் சின்னவள்