விமானம் ஏறாத மாப்பிள்ளை

17.08.2006, வியாழன்

இன்றிலிருந்து காணிக் கந்தோர் வேலைக்கு இரண்டு வாரம் லீவு. சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கிறிஸ்தோபர் நேற்று வந்து இறங்கினார். பத்து வருடத்துக்கு முன் இரத்தோட்டையிலிருந்து லண்டன் போனவர். போன மாதம்தான் பிரிட்டிஷ் பிரஜை ஆனாராம். அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டே கொண்டுவந்திருக்கிறார். அதை எல்லோருக்கும் காட்டி முடிப்பதற்குள் நான் கொண்டுபோன தேநீர் ஆறிவிட்டது.

பன்னிரண்டு நாள்தான் இருப்பார். எனக்கு விசா வர ஒரு வருடமாவது ஆகும். முப்பத்தொரு வயதில் இது நல்ல ஏற்பாடுதான். கல்யாணமும் ஆகிவிடும், நானும் இங்கேயே இருக்கலாம்.

19.08.2006

முடிந்தது. பெண்ணைப் பார்த்தவர்களைவிடச் சான்றிதழைப் பார்த்தவர்கள் அதிகம்.

22.08.2006

பகல் சாப்பாடு முடிவதற்குள் “லண்டன்ல” என்று பதினேழு தடவை. எண்ணினேன்.

29.08.2006, செவ்வாய்

வழியனுப்பியாயிற்று. அம்மா பெட்டி நிறைய மிளகாய்த்தூள் அடைத்தார். பக்கத்து வீட்டு ஞானாம்பிகை அக்கா அழுதார். நான் அழவில்லை. அழுதிருக்க வேண்டுமோ? வேன் போனதும் கட்டிலின் நடுவில் கைகாலை நீட்டி ஒரு தூக்கம் போட்டேன். என்ன சுகம்.

30.08.2006, புதன்

திரும்பி வந்துட்டார்!

காலை பத்து மணிக்கு, இரண்டு பெட்டியோடும், ஆட்டோவில். புதுப் பிரஜாவுரிமைக்குப் பாஸ்போட் எடுக்கவே இல்லையாம். பழைய இலங்கைப் பாஸ்போட்டில் இருந்த லண்டன் விசாவை நம்பி வந்திருக்கிறார். பிரஜையான அன்றே அந்த விசா செல்லாமல் போய்விட்டதாம். சரி, அதையாவது வெளியே சொல்லாமல் இருந்தாரா? விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இவராகவே பெட்டியைத் திறந்து கண்ணாடிச் சட்டத்தை எடுத்து நீட்டியிருக்கிறார்.

“சிட்டிசன்னு காட்டினா மரியாதையா அனுப்புவாங்கன்னு நெனச்சேன் மாமா.”

அப்பா மூன்று தரம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, “மகனுக்கு லீவு கூட்டிக் குடுத்திருக்காங்க” என்றார்.

நாளன்றைக்கு, வெள்ளிக்கிழமை, கொழும்பில் பிரிட்டிஷ் தூதரகத்தில் பாஸ்போட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறு வாரம் ஆகுமாம். ஆறு வாரமா? என்னோட அறையிலயா?

06.09.2006

வீட்டில் தங்குபவரைப் பதிய வேண்டும் என்று பொலிஸுக்குப் போனோம். போன மாதம் சண்டை தொடங்கி வடக்கே போகும் பாதையை மூடியதிலிருந்து கெடுபிடி அதிகம். சான்றிதழ் கொழும்பில் இருக்கிறது. கையில் வெறும் போட்டோக்கொப்பி. சார்ஜன் சிங்களத்தில் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன்.

“இவர் வெள்ளைக்காரரா?”

“சட்டப்படி ஆமாம்.”

“அப்போ இந்த நாட்டு விசா எங்கே?”

“இல்லை. வரும்போது இலங்கைப் பாஸ்போட்டில் வந்தார்.”

“அப்போ இலங்கைக்காரர்.”

“இப்போது இல்லை.”

சார்ஜன் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். இவர் எனக்குப் பின்னால் நின்றார். கையிலிருந்த காகிதத்தை நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளாமல் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லி முடித்ததும், சார்ஜன் ‘எந்த நாட்டவர்’ என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டு, ‘மரிய கொறற்றியின் கணவர்’ என்று எழுதி, முத்திரை குத்தித் தந்தார்.

எங்கள் ஊர் அலுவிகாரைக்குத் திரும்பும் பஸ்ஸில் இவர் மெதுவாகச் சொன்னார்: “எங்கப்பா முப்பது வருஷம் பிரஜாவுரிமை இல்லாமலே தேயிலைத் தோட்டத்துல இருந்தாரு. நான் ஒரே வாரத்துல நடுங்கிட்டேன்.”

இன்று லண்டன் பேச்சே இல்லை.

17.09.2006, ஞாயிறு

இவர் கோழி சமைத்தார். அம்மாவே இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார். லண்டனில் பெற்றோல் ஷெட்டில் காசாளர் வேலையாம். ‘மெனேஜ்மென்ட்’ என்று கல்யாணத் தரகர் சொன்னது இதைத்தான். முதலாளி ஒக்டோபர் முடியும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சட்டி கழுவும்போது கேட்டுவிட்டேன். பாஸ்போட் எடுத்துவிட்டு வந்திருந்தால் என்ன?

“எங்கக்காவும் அதைத்தான் சொன்னா, கல்யாணத்தைத் தள்ளி வைன்னு. தள்ளி வச்சா நீங்க வேணாம்னு சொல்லிருவீங்களோன்னு பயம். போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டீங்களே.”

சொல்லியிருப்பேன். அப்படி ஒரு சாக்கைத்தான் அப்போது தேடிக்கொண்டிருந்தேன். அதை எப்படி அவரிடம் சொல்வது? சட்டியை இன்னொரு தரம் கழுவினேன்.

25.09.2006

கந்தோர் விட்டதும் நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். எப்போதும் ஐந்தரை பஸ்ஸில்தான் வருவேன்.

13.10.2006, வெள்ளி

தலைவலி என்று சொல்லி அரைநாள் லீவு போட்டு வந்தேன். தலைவலி இல்லை. அப்பாவும் அம்மாவும் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார்கள். இவர் தேங்காய் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம், மூன்று மணிக்கு, கொழும்பிலிருந்து போன். பாஸ்போட் வந்துவிட்டதாம், நேரில் வந்து எடுத்துக்கொள்ளலாமாம்.

“யாரு போன்ல?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

“ரோங் நம்பர்” என்றேன்.

நாளை சனி, மறுநாள் ஞாயிறு, அங்கே பூட்டியிருக்கும். இன்றைக்குச் சொன்னாலும் திங்கட்கிழமைதானே போக முடியும்?